பரணில் இருக்கும் புளி

கடல் தாண்டித் தீவில், ஜங்லிகாட்டில் தங்கை வீடு. மெட்ராஸ் கப்பலில் வாந்திக்கு நடுவே பத்திரமாகக் கொண்டுவந்த புளியை அவளிடம் கொடுக்கிறேன். முகர்ந்து பார்க்கிறாள், தலையாட்டுகிறாள், பரணில் ஏற்றிவிடுகிறாள். பிறகு கொல்லைக்குப் போய் மல்பெரி மரத்தில் காய் பறிக்கிறாள். கறுத்த பழம் எனக்குத் தின்ன. இன்னும் சிவப்பாக, பல் கூசும் புளிப்போடு இருப்பவை ரசத்துக்கு.

"புளிதான் வந்துருச்சேம்மா?"

"அடுத்த ஜஹாஜ் லேட்டாச்சுன்னா என்னண்ணே பண்றது? அதுக்கு இருக்கட்டும்."

"போன மழைக்குக் கப்பலே வரலைன்னு எழுதியிருந்தியே. அப்ப என்ன பண்ணின?"

"அப்பவும் மரம் காய்ச்சிருந்துச்சு."

ரசம் இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை கட்டுகிறது. நான் பரணை எட்டிப் பார்க்கிறேன். போன தடவை கொண்டுவந்த புளியும் அங்கேதான் இருக்கிறது, நான் போட்ட முடிச்சோடு.