ஜீப்புக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. இன்றைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு என் பெயரில் நான்கு வேன்கள் ஏறி இறங்குகின்றன. வண்டி வரும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வேண்டுமானால் என் டிரைவர்களைக் கேளுங்கள். ஆனால் முதன்முதலில் கேட்ட ஒரு சத்தத்தை மட்டும் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

தம்பிக்குக் காது குத்த மலைக்கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா முந்தின நாளே பஸ்ஸில் போய் ஆசாரியோடு காத்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் மாமாவோ ஜீப்புக்காரர். கூலி வேலை செய்த குடும்பத்தில் ஒருவர் சொந்த ஜீப் வாங்கியிருந்தால் எப்படி இருக்கும்? ஊரில் பாதிப்பேர் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கோ அவர் நிஜமான மாமா. அந்த மிதப்பில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பாதி மலை ஏறியதும் முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பி கண்ணாடியை மறைத்தது. மாமா ஓரமாக நிறுத்தி, துண்டைச் சுற்றிய கையால் மூடியைத் தூக்கினார். இரும்பு வேகும் வாடை மூக்கில் ஏறியது. தம்பி அலற ஆரம்பித்தான்.

"இன்னாடா தம்பி, அடுப்பு கணக்கா பொகையுது?" என்று மாமாவைக் கேட்டாள் அம்மா.

"ரேடியேட்டர் ஓட்டைக்கா. தண்ணியெல்லாம் வழி நெடுக ஒழுகிக்கினு வந்திருக்குது. யாரும் கிட்ட போவாதீங்க, தானா ஆறட்டும். அப்பறமா மஞ்சத்தூளக் கலக்கி ஊத்தினா ஓட்டை அடைச்சிக்கும். வூட்டுக்குப் போற வரிக்கும் தாங்கும்."

தண்ணீர் கேன் கேட்டுவர அவர் மேல் வளைவிலிருந்த வீட்டுக்கு நடந்தார். அம்மா வெயிலைப் பார்த்தாள், நல்ல நேரம் போகிறதே என்று முணுமுணுத்தாள், மறுபடியும் வெயிலைப் பார்த்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையெட்டும் தூரத்தில் பாறை இடுக்கிலிருந்து ஊற்று வழிந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது என்பதே பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. சீர்த்தட்டோடு இருந்த பித்தளைக் குடத்தை எடுத்துப் போய் நிரப்பினேன். பல்லைக் கூச வைக்கும் குளிர்ச்சி. தட்டில் இருந்த மஞ்சள்தூளை எல்லாம் அதில் கொட்டினேன். ஆடி மாதம் மாரியம்மனுக்குச் சூடு தணிய ஊற்றுவோமே, அதே நினைப்பில் நாலு வேப்பிலையையும் பறித்துப் போட்டேன். எங்கே ஊற்ற வேண்டும் என்று மாமா சொல்லவில்லை. எங்கே சூடோ அங்கேதானே ஊற்ற வேண்டும்?

"ஊத்துடி, தணியட்டும்," என்றாள் அம்மா. குடம் தூக்க ஒரு கையும் கொடுத்தாள்.

எஞ்சின் தலையில் கவிழ்த்தோம். சீறிக்கொண்டு மஞ்சள் ஆவி எழுந்தது. அதற்குள்ளிருந்து 'டங்' என்று ஒரே ஒரு சத்தம். கோயில் மணியை ஒருமுறை தட்டியது போல இருந்தது. சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன்.

தண்ணீர் கேனோடு மாமா ஓடிவந்தார். வெகுநேரம் எஞ்சினையே பார்த்தார். பிறகு கேன் தண்ணீரை ரேடியேட்டருக்குள் ஊற்றி வண்டியைக் கிளப்பினார். அது இருமியது. பின்னால் வெள்ளை வெளேரென்று புகை வந்தது. உடனே அணைத்துவிட்டு ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெளுத்திருந்தது. கம்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் ஒருவர் அப்படிப் பொத்தென்று உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னாடா ஆச்சி?" என்றாள் அம்மா.

மாமா அவளைப் பார்த்தார். இடுப்பில் குடத்தோடு நின்ற என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லக்கா. வண்டி பழசு. அதுக்கு நேரம் வந்துட்சி. கௌம்பு, பஸ்லயே போயிடலாம், வர்ற சத்தம் கேக்குது."

கோயிலில் மாமா மடியில் தம்பி கற்சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். மாமாவின் தொடைதான் ஆடிக்கொண்டே இருந்தது. "மாமங்காரரே, ஆடாதீங்க. காது குத்தறது கொழந்தைக்குத்தான்," என்றார் ஆசாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துவந்தார்கள். மாமா வீட்டு வாசலில் நின்ற அதில் கோழிகள் முட்டையிட்டன. எஞ்சினில் மஞ்சள் கறை போகவே இல்லை. மாமா யாருடைய லாரிக்கோ டிரைவராகப் போனார்.

முதல் வேன் வாங்கியபோதுதான் மெக்கானிக் எனக்குச் சொன்னார், "எஞ்சின் கொதிச்சிக்கினு இருக்கும்போது பச்சத்தண்ணி ஊத்திடாதீங்கம்மா. டங்குனு ஒரு சத்தம் வரும். இரும்பு பொளந்துக்கும். அதோட சரி." மாமா இறந்து அப்போது பல வருஷமாகியிருந்தது. கடைசிவரை அவர் ஓட்டியது அடுத்தவர் வண்டிதான்.

எட்டு வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. லாரியிலிருந்து அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் தெருப்பிள்ளைகளைக் கூட்டி, கொதித்த ஜீப்பை நான் ஒருத்தியே குளிரவைத்த கதையைச் சொல்வேன். சாட்சிக்கு அவரையே கூப்பிடுவேன்.

"ஆமா, பாப்பாதான் குளிர வெச்சிது," என்பார், கோழிகளை விரட்டிக்கொண்டே.

என்னைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.