பெருசு ரெண்டு, சிறுசு ஒண்ணு

சௌலிகேத் கடைத்தெருவில் ஜோகா ராம் நடந்து வந்தால் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் இரண்டடி தள்ளி நிற்பார்கள். சிரிப்பு அவன் வாய்க்கு. தள்ளி நிற்பது அவன் சாதிக்கும் அவன் வேலைக்கும். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கல்லறைத் தோட்டத்துக்கு அவன்தான் காவல், குழிவெட்டியும் அவன்தான்.

பட்டாளம் சித்திரையில் பெண்டு பிள்ளைகளோடு எங்கள் மலைக்கு ஏறி வரும், ஐப்பசியில் இறங்கிப் போகும். சமவெளியின் வெயிலுக்குத் தப்பி வருகிறவர்கள்தான், ஆனால் வயிற்றிலும் நெஞ்சிலும் சீக்கைக் கட்டிக்கொண்டே வருவார்கள். மழை தொடங்கிவிட்டால் அந்தச் சரிவில் மண்வெட்டி போட முடியாது. ஒரு பக்கம் வெட்ட மறுபக்கம் சரியும், உள்ளே தண்ணீர் ஊறும். அவர்களோ செத்தவரை மறுநாள் பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட வேண்டும் என்பார்கள். அதனால் ஆனி மாதத்திலேயே மேட்டுப் பக்கம் குழிகளை வெட்டி, ஓரத்துக்குக் கல் அடுக்கி, தண்ணீர் வடிய வாய்க்கால் விட்டு, தகரத்தால் மூடி வைத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று. ஒன்று நிரம்பினால் வெயில் காட்டிய நாளில் இன்னொன்று.

சனிக்கிழமைதோறும் ஜோகா பட்டாளத்து ஸ்டோர் ஆபீஸ் வாசலில் வந்து நின்று சலாம் போட்டுச் சொல்வான்: "பெருசு ரெண்டு, சிறுசு ஒண்ணு, தயார் ஹுஸூர்."

அளவு சரியா என்று பார்க்க அவனே பெரிய குழிக்குள் இறங்கி மல்லாக்கப் படுப்பான். ஆள் குள்ளம். தலைக்கு மேலே தொப்பியை வைத்து, அதற்கு மேலே ஒரு சாண் விட்டு, "கோராவுக்கு இது போதும்" என்பான், வெள்ளைக்காரச் சிப்பாயைச் சொல்லி. சிப்பாய்கள் வேலியில் சாய்ந்து நின்று கைதட்டுவார்கள்.

கடைத்தெருவில் யாராவது வம்புக்கு இழுப்பார்கள். "என்ன ஜோகா, என் அளவையும் கண்ணாலேயே எடுத்துட்டியா?"

"உங்களுக்கு ஏன் குசாயீ குழி? உங்களுக்கு விறகு. அந்த வயித்துக்கு நாலு கோவேறு கழுதை சுமந்தாலும் பத்தாது."

குசாயீ என்றால் எங்கள் பக்கம் அவன் சாதிக்காரர்கள் எங்கள் சாதிக்காரர்களைக் கூப்பிடுகிற முறை. ஐயா என்பது மாதிரி. என்னையும் அப்படித்தான் கூப்பிட்டான், அவனைவிட நான் பத்து வயது சின்னவன் என்றாலும். என் பெயர் பச்சி சிங். அந்த ஸ்டோர் ஆபீஸில் பியூன். நாலு வகுப்பு படித்ததால் ஸ்டோர் சாகிப் சொல்வது பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வேன்.

ஜோகாவுக்கும் அவன் பெண்டாட்டி பருளிக்கும் ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவள் சனுலி. அப்பன் தகரத்தைத் துடைக்கும்போது அவன் முதுகில் ஏறிக்கொண்டு தலைமுடியைப் பிடித்து இழுப்பாள். கெட்டிக்காரி. "பெருசு ரெண்டு" என்று அவன் ஆரம்பித்தால் "சிறுசு ஒண்ணு" என்று முடிப்பாள். அவளுக்கு இரண்டரை வயது நடந்த ஆவணியில் மழை ஒன்பது நாள் விடவில்லை. காய்ச்சல் கண்டு நாலாம் நாள் காலையில் போய்விட்டாள்.

எங்களில் பெரியவர்களைத்தான் எரிப்போம், சின்னக் குழந்தைகளைப் புதைப்போம். அவன் சனங்களுக்கு ஓடைக்கரையில் ஓர் இடம் உண்டு. அந்த வருஷம் ஓடை அந்தக் கரையையே கொண்டுபோய்விட்டது. அதற்கு மேலே நனையாத இடம் என்றால் எங்கள் குடும்பத்து வால்நட் மரத்தடிதான்.

ஜோகா வந்து எங்கள் முற்றத்துச் சுவருக்குக் கீழே நின்றான். உள்ளே வரக் கூடாது, வரவும் மாட்டான். சாக்கை முக்காடாகப் போட்டிருந்தான், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குசாயீ, புள்ள போயிடுச்சு."

"கேள்விப்பட்டேன்."

"மரத்தடியில ஒரு முழம் இடம் குடுங்க. மேல கல்லுகூட வைக்க மாட்டேன். யாருக்கும் தெரியாது."

"சித்தப்பாகிட்ட கேக்கணும்."

சித்தப்பா எனக்குப் பின்னால் அடுப்புப் பக்கத்தில்தான் உட்கார்ந்து சிலும்பி இழுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டும் இருந்தார். நான் திரும்பிக் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. ஜோகா சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, "சரி குசாயீ, நீங்க நனையாதீங்க, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று நாள் கழித்துப் பட்டாளத்துப் பேண்டு வாத்திய சார்ஜண்டின் மகள் தொண்டை அடைத்துச் செத்தாள். டோரா என்று பெயர், மூன்று வயது. மறுநாள் மாலை நாலு மணிக்கு அடக்கம். "போய்ச் சின்னக் குழியைப் பார்த்துட்டு வா, தண்ணி கிண்ணி நிக்குதா" என்று சாகிப் காலையிலேயே என்னை அனுப்பினார்.

தகரம் இருந்தது. தகரத்தைத் தூக்கினால் குழி இல்லை. நிரப்பி, மிதித்து, மேலே மூன்று வெள்ளைக் கூழாங்கல். ஒரு மூலையில் ஒரு பிடி பொரி ஊறிக் கிடந்தது. ஜோகா வாய்க்காலைச் சீவிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் தகரத்தைத் திரும்ப மூடினேன். அவன் என்னை நம்பினான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் வழி முழுக்க எனக்குச் சொல்ல ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. மழையில் ஓரம் சரிந்து குழி மூடிவிட்டது, மத்தியானத்துக்குள் வாரி எடுத்துவிடலாம். அவ்வளவுதான். அந்த மழையில் யாரும் நம்புவார்கள். ஆனால் அந்த மாதம் தலைமைப் பியூன் இடம் காலியாக இருந்தது. சிவப்புக் கச்சை, பித்தளை வில்லை. சாகிப் கேட்டதும் நான் நேராக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொரியைக்கூட விடவில்லை.

சாகிப் கத்தவில்லை. கையில் இருந்த காகிதத்தை முடிக்கும்வரை படித்துவிட்டு, "அது பாதிரி மந்திரிச்ச மண்ணு. வெளியே எடுக்கச் சொல்லு. குழி மூணு மணிக்குத் தயாரா இருக்கணும். நீ பக்கத்துல நின்னு பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார்.

நான் போய்ச் சொன்னபோது ஜோகா முதலில் புரியாதவன் மாதிரி நின்றான்.

"வேற ஒண்ணு வெட்டித் தர்றேன் குசாயீ. இப்பவே."

ஓடிப்போய் நாலு இடத்தில் வெட்டிப் பார்த்தான். வெட்டிய இடமெல்லாம் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் கொப்பளித்தது, ஓரம் பொத்துப் பொத்தென்று விழுந்தது. முகமெல்லாம் சேறாக வந்து நின்றான்.

"எடுத்து எங்க கொண்டு போறது? நீங்களே சொல்லுங்க."

வால்நட் மரத்தடி அங்கிருந்தே தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சீக்கிரம் ஆகட்டும் ஜோகா. மூணு மணி சொல்லியிருக்காங்க."

பக்கத்தில் நின்று பார்க்கத்தான் எனக்கு உத்தரவு. நான் நிற்கவில்லை. நாலு நாளான பிணம், அதுவும் அவர்கள் வீட்டுப் பிணம். கண்ணில் பட்டாலே தலைக்குக் குளித்துப் பூணூல் மாற்ற வேண்டும் என்று சித்தப்பா சொல்லி வளர்த்தவன் நான். சுவருக்கு வெளியே போய் ஓக் மரத்தடியில் குடையை விரித்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் கேட்கவில்லை. பிறகு கல்லோடு கல் உரசுகிற சத்தம். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. நான் திரும்பவே இல்லை.

கடைசியில் ஜோகா சாக்கில் ஒரு பொதியை அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். நான் பாதையை விட்டுக் கீழே இறங்கி நின்றேன். மரியாதைக்கு இல்லை, அவன் நிழல் மேலே பட்டுவிடக் கூடாது என்று. மழையில் எவனுக்கு நிழல்? அதுகூட அப்போது தோன்றவில்லை. அவன் ஓடைப்பக்கம் இறங்கிப் போனான். உள்ளே எட்டிப் பார்த்தேன். குழி சதுரமாக, சுத்தமாக இருந்தது. ஆபீஸுக்குப் போய், "ஆயிடுச்சு ஹுஸூர், நானே நின்னு பார்த்தேன்" என்றேன்.

நாலு மணிக்கு டோராவைப் புதைத்தார்கள். அவள் அப்பன் வாசிக்கவில்லை, மற்றவர்கள் வாசித்தார்கள். அடுத்த மாதம் எனக்குச் சிவப்புக் கச்சை கிடைத்தது. ஜோகாவுக்கு வேலை போகவில்லை, அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்காது. சனிக்கிழமைகளில் வந்து, "பெருசு ரெண்டு, சிறுசு ஒண்ணு" என்று சொல்லத்தான் செய்தான். ஆனால் குழிக்குள் இறங்கிப் படுத்துக் காட்டுவதை விட்டுவிட்டான். கோலால் அளந்தான்.

வெள்ளைக்காரர்கள் கடைசித் தடவையாக இறங்கிப் போன பிறகு கல்லறைத் தோட்டத்தை யாரும் கேட்கவில்லை. சம்பளமும் நின்றுபோயிற்று. வேலி விறகானது, மாடுகள் மேய்ந்தன. ஜோகா மட்டும் தினமும் போனான். மற்ற கல்லறைகளில் முள் மண்டியது. டோராவின் கல்லறையில் மட்டும் ஒரு புல் இருக்காது. மாசியில் பூக்கிற புராஞ்சுப் பூவைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பான். "கோரா போனாலும் இவன் விசுவாசம் போகல பாரு" என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் பழைய கல்லறைகளைக் கணக்கெடுக்க ஒரு வெள்ளைக்கார வயசாளி சாகிப் வந்தார். அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல என்னைக் கூட்டிப்போனார்கள். அந்த ஒரு கல்லறையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். இந்த மனுஷனைப் போல விசுவாசி கிடையாது என்றார். ஜோகாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பிறந்ததிலிருந்து தொடாத கை.

சாகிப் போனதும் ஜோகா சுவர்மேல் உட்கார்ந்து பல்லில்லாத வாயால் சிரித்தான்.

"விசுவாசமாம்! குசாயீ, உங்களுக்குத் தெரியாததா?"

"என்ன தெரியும்?"

"அட, சொல்லாட்டாலும் தெரிஞ்சிருக்கும்னுதான் இத்தனை வருஷமா நான் வாயத் திறக்கல. அன்னிக்கு நான் புள்ளய வெளியே எடுக்கல. குழிக்குள்ளேயே இன்னொரு முழங்கால் ஆழம் தோண்டி, அவள இறக்கி, மேல கூரைக்குப் போடுற பலகைக்கல்லப் பரப்பி, மண்ணு போட்டுச் சமன் பண்ணிட்டேன். சார்ஜண்டு பொண்ணு மேல படுத்திருக்கு. நம்ம சனுலி கீழ."

"அப்ப அந்தப் பொதி?"

"என் கோட்டு."

நான் கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கையைக் கூப்பினான்.

"பக்கத்துல நின்னு பார்க்கணும்னுதானே உங்களுக்கு உத்தரவு? நீங்க வெளியே போய் முதுகக் காட்டி நின்னீங்களே, அன்னிக்கே பருளிகிட்ட போய்ச் சொன்னேன், குசாயீ தெரிஞ்சேதான் திரும்பி நின்னாரு, பெத்த மனசு அவருக்குத் தெரியும்னு. அந்தப் புண்ணியம் உங்க வம்சத்தக் காக்கும்."

சொல்லியிருக்க வேண்டும். டேய் ஜோகா, நான் திரும்பி நின்றது தீட்டுக்குப் பயந்து. ஒரு பொய் சொல்லியிருக்கலாம், கச்சைக்கு ஆசைப்பட்டுச் சாகிப்பிடம் போட்டுக்கொடுத்தேன் என்று. "சரி சரி, அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றேன், பெரிய மனுஷன் அடக்கமாகச் சொல்வதுபோல. அவன் அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டான்.

போன பனிக்காலத்தில் ஜோகா செத்துப்போனான். அவனை எரித்தார்கள். நான் போகவில்லை, குளிராக இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

சனுலி போன மறுவருஷத்திலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் அவன் வீட்டிலிருந்து எங்கள் முற்றத்துச் சுவர்மேல் வெள்ளரிக்காய் வந்து இருக்கும். எங்கள் மலையில் விளைகிற தடித்த காய். பச்சைக் காய் என்பதால் அவர்கள் வீட்டிலிருந்து நாங்கள் வாங்கலாம், சமைத்ததைத்தான் வாங்கக் கூடாது. குத்தகை நிலத்துக்கு ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று முதலில் நினைத்திருந்தேன். அவர்களுக்கு எங்கள் நிலம் குத்தகைக்கே கிடையாது என்பதையும் நான் யோசித்துப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் காய் வராது என்று இருந்தேன். நேற்றுக் காலை பருளி சுவருக்குக் கீழே நின்றாள், அவன் நின்ற அதே இடத்தில்.

"நல்ல பிஞ்சு குசாயீ. அவர் இருந்தா அவரே கொண்டு வந்திருப்பார்."

"உள்ளே வா பருளி" என்றேன்.

அவள் பயந்துபோனாள். "ஐயோ, வேண்டாம்" என்று நாலு காயைச் சுவர்மேல் வரிசையாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். மத்தியானம் தயிரும் அரைத்த கடுகும் போட்டுப் பச்சடி செய்தார்கள். நான் சாப்பிட்டேன்.