கொட்டின ஓமும் கொட்டாத ஓமும்

வீடு வீடாகப் போய், வயசுப் பிள்ளைகளிடம் 'சாகலாம் போல இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு, அவர்கள் தருகிற தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வருகிற தொழில் என்னுடையது. உளநலக் கிளினிக்கின் வெளிக்கள உத்தியோகத்தர் என்று பெயர். கையில் பத்துப் பக்கப் படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பெட்டி. படிவம் நிரப்பியே விரல் தேய்ந்த என் இனத்தாரே, உங்களுக்கு என் நோவு புரியும்.

மரியாதைக்கு ஒரு ஓம்

மண்டூரில் ஒரு பத்தொன்பது வயதுப் பொடியன், அப்போதுதான் வயல் வட்டையிலிருந்து வந்து குந்தியிருந்தான். தூக்கம் வருவதில்லையா? ஓம். சாப்பாடு பிடிக்கவில்லையா? ஓம். வாழ்க்கை வெறுத்துவிட்டதா? ஓம். படிவப்படி பார்த்தால் நான் பேனையை மூடுமுன் அவன் உயிர் போய்விடும். பதறிக்கொண்டு கிளினிக் தாதி திரேசா அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ஒருவர் பேச மற்றவர் 'உம்' கொட்டுவது உலக வழக்கு. எங்கள் பக்கம் 'ஆம்' என்பதே 'ஓம்'தான், கொட்டுவதும் அதையேதான். அதை நானே மறந்துபோனேன்.

"நீங்க பாவம், தனியக் கதைச்சிட்டிருந்தீங்க மிஸ். மரியாதைக்கு ஓம் கொட்டினன்."

குசினியிலிருந்து பதில்

வெல்லாவெளியில் கேள்வி மகளுக்கு, பதில் தாயிடமிருந்து. தாயைக் கழற்றிவிட ஒரே வழி தேத்தண்ணி கேட்பது. கேட்டேன். குசினிக்குள் போனவர் அங்கிருந்தே கத்திப் பதில் சொன்னார்.

"அவளுக்குக் கவலை இருந்தா எனக்கிட்டச் சொல்லாம இருப்பாளா? சொன்னா என்ன, நாலு ஏச்சு ஏசுவன், அவ்வளவுதானே!"

எந்தப் பெட்டி?

காத்தான்குடியில் புடவைக்கடையில் நிற்கிற இளைஞனிடம் 'தனிமையை உணர்கிறீர்களா?' என்று வாசித்தேன். வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன், அவன் சொல்லி முடிக்கும்வரை.

"வீட்டில பதினொரு பேர், ஒரு பாத்ரூம். தனிமையத்தான் மிஸ் நான் தேடித் திரியிறன். ஆனா மனம்விட்டுக் கதைக்க ஒராள் இல்ல, அத எந்தப் பெட்டிக்குள்ள போடுவீங்க?"

மீன் வாங்குகிற மாதிரி

படிவத்தின் கடைசிக் கேள்விதான் சாவைப் பற்றிய அந்தக் கேள்வி. கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்று பயம். அதனால் "அப்பிடியெல்லாம் யோசிக்கிறேல்லத்தானே?" என்று கேட்டு, பதிலுக்கு முன் 'இல்லை' என்று நானே தலையையும் ஆட்டுவேன். எல்லாரும் இல்லை என்றார்கள். மாவட்டமே சுகமாக இருந்தது! ஒருநாள் என்னோடு வந்த திரேசா அக்கா இதைப் பார்த்துவிட்டார். நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் தொற்றாது, கேட்கிறவருக்குத்தான் நாக்கு வறளும் என்றார். அதோடும் விடவில்லை.

"மீன்காரனிட்ட 'நல்ல மீன்தானே' எண்டு கேட்டா, எவன்கா 'இல்ல, நாறல்' எண்டு சொல்லுவான்?"

இறால் உரித்த அன்று

பெரியகல்லாற்றில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பதினேழு வயதுக்காரி. கூடப் படிக்கிறவர்கள் அவள் படத்தைப் போனுக்குப் போன் அனுப்பி விளையாடியதில் கிளாஸுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். வீட்டிலும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாக் கேள்விக்கும் ஓம், ஓம். கடைசிக் கேள்விக்கு, புதுப் புத்தி வந்தவளாய், தலையை ஆட்டாமல் நேராகக் கேட்டேன்: "சாகலாம் எண்டு யோசிச்சிருக்கீங்களா?"

"ஓம்."

மண்டூரில் சூடு கண்ட பூனை நான். இதுவும் மரியாதைக்குத்தான் என்று படிவத்தை மூடினேன். அவள் கை நின்றது.

"மிஸ், இது கொட்டின ஓம் இல்ல."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது, அதைவிடப் பயம். படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து நானும் இறால் உரித்தேன். அவள் சொன்னாள், நான் ஓம் கொட்டினேன். போன் எடுத்துக் கூப்பிட்ட திரேசா அக்கா வரும்வரை எழும்பவில்லை. அன்றே தாயையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். இப்போது ஒவ்வொரு கிழமையும் வருகிறாள். கிளாஸுக்கும் போகத் தொடங்கிவிட்டாள். போன கிழமை நான் படிவத்தைத் திறக்குமுன் அவளே முந்திக்கொண்டாள்.

"அந்தக் கேள்விய முதல்ல கேளுங்க மிஸ். இண்டைக்கு இல்ல. அதுக்காகக் கேக்காம விட்டிராதீங்க."

ஓம் இரண்டு வகை, அதனால் படிவத்துக்கு மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். "ஓம், பாப்பம்" என்றார்கள்.