ஜாஸ்தின்னா எது ஜாஸ்தி?

ஒரு கார்புரேட்டர் இருக்கிற வண்டியைக் காதாலயே ட்யூன் பண்ணிடலாம். ரெண்டு கார்புரேட்டர் வண்டின்னு வந்துட்டா முதல்ல மெக்கானிக்கோட மண்டையைத்தான் ட்யூன் பண்ணணும். கேஜ் முள்ளைப் பார்த்து முழிச்ச அனுபவம் உங்களுக்கும் இருந்தா, வாங்க, நாம ஒரே ஜாதி. இல்லேன்னா நீங்க போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணவங்க.

எங்க ஒர்க்‌ஷாப் கன்னட நாட்டுல, அடுகோடிங்கற ஏரியாவுல. நான் வேலூர்லேர்ந்து வந்தவன், பார்ட்னர் சலீம் இங்கேயே பொறந்து வளர்ந்தவன். எங்க பேச்சுல தமிழ், கன்னடம், உருது எல்லாம் ஒரே குண்டான்ல வேகும். ஒரு ரெண்டு கார்புரேட்டர் வண்டி வந்து நிக்கிற வரைக்கும் அது எங்களுக்கு ஒரு பிரச்சினையாவே தெரிஞ்சதில்ல.

கடைசி சான்ஸ்

விவேக் நகர் அந்தோணி சார் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். அவர்கிட்ட ஒரு பழைய ஜப்பான் வண்டி, ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்புரேட்டர். சிக்னல்ல நின்னா உதறும், உதறி உதறி அணைஞ்சு போகும். பின்னாடி உக்காந்திருக்கிற அவர் சம்சாரம் ஸ்டெல்லா அக்கா இறங்கி, ஹேண்ட்பேக்கை மாட்டிக்கிட்டு, ஆட்டோ பிடிச்சுப் போயிடுவாங்க. அவங்க ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ், டியூட்டிக்கு லேட்டானா சிரிச்சுப் பேசற ஆள் இல்ல.

ஞாயித்துக்கிழமை கோலார் தங்கவயல்ல அக்காவோட தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். வண்டியிலதான் போகணும்னு சார் பிடிவாதம். அந்த வண்டின்னா அவருக்கு உசிரு. போன தடவை நடு ரோட்ல நின்னதுலேர்ந்து வண்டியை வித்துடறதுக்குன்னு ஆர்.சி. புக் அக்கா பையில இருக்கு. வண்டியை விடும்போது சார் டாங்கைத் தடவிக்கிட்டே நின்னாரு. அக்காதான் பேசினாங்க: "தம்பி, ஞாயித்துக்கிழமை போயிட்டு வர்றதுக்குள்ள இது ஒரு தடவை நின்னாலும், திங்கக்கிழமை வேற ஒருத்தர் வாசல்ல நிக்கும்."

நம்பரா, சமமா?

நோய் என்னன்னு எனக்குத் தெரியும். ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு மூச்சு இழுக்கணும். ஒண்ணு நிறைய, ஒண்ணு கொஞ்சம்னு இழுத்தா எஞ்சின் உதறத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் இழுப்பை அளக்கற வேக்கம் கேஜ் ஒவ்வொண்ணு மாட்டி, ரெண்டு முள்ளும் சமமா நிக்கிற வரைக்கும் நடுவுல இருக்கிற ஸ்க்ரூவைத் திருப்பணும். சொல்றதுக்கு இவ்வளவுதான்.

கேஜ் வாங்க ஜே.சி. ரோடு போனேன். கடைக்கார மஞ்சண்ணா நாலு தினுசு எடுத்து வச்சாரு. கடிகாரம் மாதிரி முள் வச்சது ஒண்ணு, கண்ணாடிக் குழாய்ல பாதரசம் ஏறி இறங்கறது ஒண்ணு, கலர் தண்ணி ஏறி இறங்கறது ஒண்ணு, போன்ல ஆப் போட்டுப் பார்க்கிறது ஒண்ணு. பாதரசக் குழாய் உடைஞ்சா விஷம்னு திரும்ப வச்சுட்டேன். ஆப் வேற, என் பிறந்த தேதியெல்லாம் கேட்டுச்சு. மிச்சத்துல ஒண்ணு இஞ்ச்ல காட்டுது, ஒண்ணு சென்டிமீட்டர்ல காட்டுது. நம்ம ஊர் மேட்டுல இருக்கு, இங்க எவ்வளவு காட்டினா சரி, புஸ்தகத்துல போட்டிருக்கிறது சமுத்திரக் கரை கணக்கான்னு நான் அவரைப் பிடுங்கி எடுத்துட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கன்னடம் கலந்து கேட்டாரு: "ஸ்வாமி, உங்களுக்கு நம்பர் பேக்கா, ரெண்டும் சமமா இருக்கணுமா? நம்பர்தான் வேணும்னா, ஜோசியர் பக்கத்துச் சந்துல இருக்காரு."

பேய் பிடிச்ச முள்

முள் வச்ச செட்டையே வாங்கிட்டு வந்து மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். ரெண்டு முள்ளும் பூஜ்யத்துக்கும் கடைசிக்குமா பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. எதைப் பார்த்து எதைச் சமம்னு சொல்றது? கேஜ் போலின்னு மஞ்சண்ணாவைத் திட்டிக்கிட்டே டப்பாவுல திரும்பப் போடப் போனேன்.

டப்பா அடியில ரெண்டு குட்டிப் பித்தளைத் துண்டு. நடுவுல குண்டூசி போற அளவுக்கு ஓட்டை. அதை வேற ஏதோ வண்டிக்கான சாமான்னு நான்தான் ஓரமா ஒதுக்கி வச்சிருந்தேன். சலீம் எடுத்து டியூப்புக்குள்ள சொருகினான், முள் ரெண்டும் அடங்கி ஒரே இடத்துல லேசா நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. இழுப்பு நேரா முள்ளுல போய் அடிக்காம இருக்கத்தான் அந்தத் துண்டாம். என் மூஞ்சியை நான் எங்க வச்சுக்கறது? சலீம் டப்பாவை என் கையில கொடுத்துட்டுச் சொன்னான்: "குரு, இனிமே பிரியாணியில பட்டை கிராம்பு வந்தாலும் என்னைக் கேட்டுட்டுத் தூக்கிப் போடு."

ஜாஸ்தி

இப்பத்தான் நிஜமான கூத்து. டாங்கைக் கழட்டி, பாட்டில்ல பெட்ரோல் தொங்க விட்டு, எஞ்சினைச் சூடாக்கியாச்சு. கேஜ் ஹேண்டில்பார்ல தொங்குது, சலீம் முள்ளைப் பார்க்கறான். நான் கீழ குனிஞ்சு நீள ஸ்க்ரூடிரைவரோட ஸ்க்ரூவைப் பிடிச்சிருக்கேன். அங்கேர்ந்து எனக்கு முள் தெரியாது. சலீம் சொன்னான், "ரைட் ஜாஸ்தி." ஜாஸ்தின்னா குறைக்கணும், அவ்வளவுதானே? ரைட் பக்கத்தைக் கொஞ்சம் மூடினேன். "இன்னும் ஜாஸ்தி"ன்னான். இன்னும் மூடினேன். "அரே, ரொம்ப ஜாஸ்தி"ன்னான். ரொம்ப மூடினேன். எஞ்சின் அணைஞ்சுது.

மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஜாஸ்தி, மறுபடி அணைஞ்சுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பூரா இதே பாட்டு. உனக்குக் கண்ணு தெரியலைன்னு நான் சொல்ல, உனக்குக் காது கேக்கலைன்னு அவன் சொல்ல, பக்கத்து பஞ்சர் கடைக்காரர் சமாதானம் பேச வந்துட்டாரு. அந்தோணி சார் என்னை நம்பி விட்டுட்டுப் போன வண்டியை என்னமோ நானே வழியனுப்பி வைக்கிற மாதிரி இருந்துச்சு.

கடைசியில சலீம்தான் டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையா யோசிச்சான். ஸ்ட்ராவை விரலால அடைச்சுக்கிட்டு ஜூஸ் உறிஞ்சினா கன்னம் உள்ள போகுமில்ல? இதுவும் அதேதான். கார்புரேட்டர் வாசலை மூட மூட உறிஞ்சற இழுப்பு ஜாஸ்தியாகும், முள் மேல ஏறும். அவன் சொன்ன ஜாஸ்தி இழுப்பு, நான் குறைச்சது காத்து. ஒருத்தன் ஜாஸ்தி இன்னொருத்தனுக்குக் கம்மி. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு எதிரெதிரா வேலை பார்த்திருக்கோம். சலீம் டீ கிளாஸைக் கீழ வச்சான்: "வண்டி அப்புறம் குரு, முதல்ல நம்ம ரெண்டு பேரையும் ட்யூன் பண்ணணும்."

நர்ஸம்மா வைத்தியம்

அதுக்கப்புறம் 'திற', 'மூடு' ரெண்டே வார்த்தைதான் பேசினோம். ரெண்டு முள்ளும் ஒரே கோட்ல வந்து நின்னுச்சு. ஆனா எஞ்சின் உதறல் நிக்கல. சனிக்கிழமை காலையில சாரும் அக்காவும் வந்தப்ப, சமமா நிக்கிற முள்ளும் உதறுற வண்டியுமா நான் உக்காந்திருக்கேன். சாருக்கு முகமே செத்துப் போச்சு. எனக்கும் அழுகை வராத குறை.

அக்கா கேஜைக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க. ரெண்டு பி.பி. மிஷின் இருந்தா, ரெண்டையும் ஒரே ஆள் கையில கட்டிப் பார்ப்பீங்களா மாட்டீங்களான்னு கேட்டாங்க. எனக்கு முதல்ல விளங்கல. சலீமுக்கு விளங்கிடுச்சு. இடது பக்க டியூப்பை முதல்ல ஒரு கேஜ்ல மாட்டினான், அதே டியூப்பைக் கழட்டி அடுத்ததுல மாட்டினான். அதே எஞ்சின், அதே ஓட்டை, ஆனா ரெண்டாவது கேஜ் ரெண்டு கோடு அதிகமாக் காட்டுது. அப்படின்னா முள் ரெண்டும் வேற வேற இடத்துல நின்னாத்தான் நிஜத்துல சமம். என் தலை இன்னொரு சுத்து சுத்துச்சு. அதுக்கேத்த மாதிரி மார்க் போட்டுத் திருப்பினதும், உதறல் அப்படியே கரைஞ்சு, வண்டி தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பிச்சுது. விக்கணும்னு நிக்கிறவங்க எதுக்கு வைத்தியம் சொன்னாங்கன்னு எனக்கு இன்னமும் புரியல. போகும்போது சொன்னாங்க: "பேஷன்ட்டைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி மிஷினைச் சந்தேகப்படுங்க தம்பி."

திங்கக்கிழமை

ஞாயித்துக்கிழமை பூரா போனையே பார்த்துக்கிட்டிருந்தேன். அடிக்கல. நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியாம ராத்திரி சோறு இறங்கல.

திங்கக்கிழமை காலையில வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. ஓட்டிக்கிட்டு வந்தது ஸ்டெல்லா அக்கா, வெள்ளை கோட்டோட. போகும்போது வழியில சாருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம், கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன்னு இவங்க வாங்கினாங்களாம், அதோட திரும்பி வர்ற வரைக்கும் ஹேண்டிலைக் கொடுக்கலையாம். எங்கேயும் நிக்கல, உதறல, விக்கிற பேச்சே இல்ல, இனிமே டியூட்டிக்கு இதுலதான் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. எனக்குக் கோயில் மணி அடிச்ச மாதிரி சந்தோஷம்.

அரை மணி நேரம் கழிச்சு அந்தோணி சார் வந்தாரு, பஸ்ல இறங்கி நடந்து. பாராட்டத்தான் வர்றாருன்னு எழுந்து நின்னேன். அவர் சலீம் உள்ள இருக்கானான்னு எட்டிப் பார்த்துட்டு, என் காதுகிட்ட வந்து மெதுவாக் கேட்டாரு: "தம்பி, அந்த ஸ்க்ரூவை லேசா, ரொம்ப வேணாம், ஒரு கால் சுத்து மட்டும் பழையபடி திருப்பி விட முடியுமா?"

எந்தப் பக்கம் திருப்பணும்னு இப்ப எனக்கு நல்லாவே தெரியும், யார் பக்கம் திருப்பணும்னுதான் தெரியல.