வீட்டுக்காரக் கிழவியின் வேட்டைத் துவக்கு

தொண்ணூறுகளின் கடைசி. துவக்கு, துப்பாக்கி என்று வைத்திருக்கிற எல்லாரும் அதைப் பதிய வேண்டும் என்று கனடாவில் சட்டம் வந்திருந்தது. அஜின்கோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டு பேஸ்மென்ட்டில் நானும் தம்பியும் வாடகைக்கு இருந்தோம். அவன் ஊரிலிருந்து வந்து ஒரு வருசம் ஆகவில்லை. அகதி விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவனுடைய கேஸை, ஏன் ஊரைவிட்டு ஓடிவந்தான் என்ற கதையை, எழுதியது நான்தான். ஸ்காபரோவில் பாதிச் சனத்துக்கு நான்தான் கேஸ் எழுதுகிறேன் என்று அந்த நாளில் எனக்குப் பெரிய மண்டைக்கனம். என் கையால் எழுதிய ஒன்றுகூடத் தோற்றதில்லை. தம்பிக்கு எழுதியது இதுதான்: சைக்கிள் கடையில் நின்றான், சண்டைக்கு ஆள் சேர்க்கிற இயக்கம் பிடிக்க வந்தது, ஒளித்துத் திரிந்தான், ஆயுதத்தைக் கையால் தொட்டதில்லை. ஒரே இருப்பில் எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை கிழவி எங்களை மேலே கூப்பிட்டாள். குசினி மேசையில் ஒரு துவக்கு கிடந்தது. செத்துப்போன புருசன் மான் வேட்டைக்கு வைத்திருந்ததாம். அது என்ன வகை, எங்கே செய்தது என்று பதிவுப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். எனக்குப் படிவம் விளங்கியது, துவக்கு விளங்கவில்லை. பேனையும் கையுமாக முழுசிக்கொண்டு நின்றேன்.

தம்பி அதை எடுத்தான். குழல் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். கைபிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்து, சின்னவிரலை உள்ளே விட்டு, வெடி இல்லையென்று பார்த்துக்கொண்டான். சேட்டுக்குப் பொத்தான் பூட்டுகிற மாதிரி, பாராமலே செய்தான்.

"அண்ணை, உது வேட்டைத் துவக்கு இல்லை. ஜெர்மன் பட்டாளத்துச் சாமான், கே-98. முன்கட்டையை வெட்டிப்போட்டாங்கள். குறி பாக்கிறதைக் கழட்டிப்போட்டு தூரம் பாக்கிற கண்ணாடி பூட்டத் துளை போட்டிருக்கிறாங்கள். தோளிலை வைக்கிற பிடங்கிலை பாருங்கோ, வார் கோக்கிற ஓட்டையை மரம் வைச்சு அடைச்சிருக்கு." குழல் தொடங்கும் இடத்தை விரலால் தடவினான். "இதிலை கழுகு முத்திரை இருந்தது. அராவிப்போட்டாங்கள். செட்டை மட்டும் மிச்சம்."

உன் தம்பி ராணுவத்தில் இருந்தவனா என்று கிழவி ஆசையாகக் கேட்டாள். புத்தகத்தில் படித்தவன் என்று சொல்லிவிட்டு, அவன் சொன்னதைப் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தேன்.

கீழே வந்து கதவைச் சாத்தினேன்.

"இயக்கத்திலை எத்தினை வருசம்?"

"மூண்டரை."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை. எழுதிப்போட்டுத்தானே வாசிச்சுக் காட்டினியள்."

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. லோயரிடம் ஓடிப்போய் மாற்ற ஒன்பது நாள் இருந்தது. மாற்றினால் இயக்கத்தில் இருந்தவன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். ஊருக்கெல்லாம் கேஸ் எழுதுகிறவனுக்குத் தன் தம்பியின் கதை தெரியவில்லை என்று சனம் சிரிக்கும் என்றும் பயந்தேன். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது என்று சொல்ல இன்றைக்கும் நாக்கூசுகிறது.

"எழுதினது எழுதினதுதான். பாடமாக்கு" என்றேன். ஒன்பது நாளும் அதிகாரி மாதிரி முன்னால் இருந்து கேள்வி கேட்டேன். ஒரு இடத்தில் தடக்கினாலும் முதலிலிருந்து சொல்ல வைத்தேன்.

விசாரணையில், ஆயுதம் தொட்டிருக்கிறாயா என்ற அந்தக் கேள்வி வந்தது. "இல்லை" என்றான், கண்கூட இமைக்கவில்லை. கேஸ் சரிவந்தது.

திரும்பி வரும்போது காரில் மெதுவாகத் தொடங்கினான். "அண்ணை, ஒண்டு சொல்லட்டே? அங்கை ஒருநாள்..."

"எல்லாம் முடிஞ்சுது. இனி ஒண்டும் சொல்லாதை" என்று தமிழ் ரேடியோவைப் போட்டுவிட்டேன். அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த மாதமே மொன்றியலில் வேலை என்று போய்விட்டான். போனில் சாப்பாடு, குளிர், அவ்வளவுதான். சில வருசம் கழித்து மனம் தாங்காமல் நானே கேட்டேன், அன்றைக்குக் காரில் என்ன சொல்ல வந்தாய் என்று.

"அப்பிடி ஒண்டுமில்லை அண்ணை" என்றான்.

அந்த ஒருநாள் என்ன நடந்ததென்று தெரியாமலே நான் சாகப்போகிறேன். அவன் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு இருக்கப்போகிறான்.