கப்பல் அண்ணையின் பிடியில்லாத கோப்பைகள்

அன்று நான் உரும்பிராயில் என் சிறியதாய் வீட்டில் இருந்தேன். மத்தியானச் சோற்றுக்கு உட்காரப் போகும் நேரம், எங்கள் ஊர்ச் சங்கக்கடை மனேச்சர் வியர்த்து விறுவிறுத்துச் சைக்கிளில் வந்து இறங்கினார். மானிப்பாயிலிருந்து அந்த வெயிலில் ஒருவரும் சும்மா மிதித்து வரமாட்டார்கள். படலையடியில் நின்றபடியே, "டீச்சர், கப்பல் அண்ணை மோசம் போயிட்டார்" என்றார். காலையில் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாராம். ஆஸ்பத்திரிக்கு வாகனம் தேடி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். மனேச்சர் சைக்கிளைத் திருப்பிவிட்டு, பின்னேரம் அண்ணை தன்னைப் பால் விடாத பிளேன்ரீ குடிக்க வரச் சொல்லியிருந்தார் என்றார். அதைச் சொல்லும்போதுதான் அந்த மனிதருக்குக் குரல் உடைந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் கல்வெட்டுக்கு, அந்த நினைவுப் புத்தகத்துக்கு, ஒரு பக்கம் எழுதித் தரும்படி அண்ணையின் மனைவி பூமணி அக்கா என்னைக் கேட்டார். நாங்கள் கப்பல் அண்ணை என்று கூப்பிட்ட நவரத்தினம் அண்ணை கரவெட்டியில் பிறந்தது, சரக்குக் கப்பல்களில் எஞ்சின் பகுதியில் வேலை செய்தது, மானிப்பாயில் பூமணி அக்காவைக் கலியாணம் முடித்தது, பரம்பரை, தேவாரம் எல்லாம் வேறொருவர் எழுதுகிறார். கடதாசிக்குத் தட்டுப்பாடு, கொப்பித் தாளில்தான் அச்சடிக்கப் போகிறோம், சுருக்கமாக எழுது என்றும் சொன்னார்கள். எனக்கு வாய் நீளம் என்பது ஒழுங்கை முழுக்கத் தெரியும், கை மட்டும் சுருங்குமா? அவருடைய கண்ணாடி அலுமாரியில் உங்களுக்கென்று ஒரு கோப்பை இருந்தால், இந்தப் பக்கம் உங்களுக்கானது. கொழும்பிலோ கனடாவிலோ, இது எப்போது கையில் கிடைத்தாலும் சரி.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்களே அதிகம். கப்பல் வேலையை விட்டுக் கொழும்பில் தங்கியிருந்த அண்ணையும் அப்படித்தான் வந்தார். ஆனால் அவர் கையில் ஒரு பெரிய பிஸ்கட் தகரம் இருந்தது. குழந்தையைப் போல அதை அணைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நடந்து வந்தார். நகை என்றார்கள், வெளிநாட்டுக் காசு என்றார்கள். நாங்கள் நாலைந்து பெண்கள் சுகம் விசாரிக்கப் போனது பாதி அந்தத் தகரத்தைப் பார்க்கத்தான் என்பதை மறைக்க நான் ஆளில்லை. திறந்தார். கசங்கிய ஜப்பான் பத்திரிகைத் தாளுக்குள் மண் கோப்பைகள். ஒன்றுக்கும் பிடி இல்லை. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. விளிம்பு ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கியிருந்தது. அடியில் பூச்சில்லாத இடத்தில் செய்தவரின் விரல் பதிந்திருந்தது. "அண்ணை, உதுகளை விலை குடுத்து வாங்கினனீங்களோ, கழிச்சு எறிஞ்சதைப் பொறுக்கினனீங்களோ?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒவ்வொரு முறை கப்பல் ஜப்பானுக்குப் போகும்போதும் ஒன்றே ஒன்று வாங்குவாராம். ஹாகி என்ற ஊரில் கையால் செய்யப்படுபவை. மேலே பூசிய வெள்ளையில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு இருக்கும். அது உடைவல்ல, சூளையிலிருந்து வரும்போதே அப்படித்தான். தேநீர் அந்த வெடிப்புக்குள் இறங்கி, வருடம் போகப் போக வெள்ளை மாறி இளஞ்சிவப்பாகி, பிறகு மெல்லிய பழுப்பாகும். அந்த நிற மாற்றத்துக்காகத்தான் அதை வைத்திருப்பது. அவர் கடலில் குடித்த அத்தனை வருடத் தேநீரும் அந்தக் கோப்பைகளில் படிந்திருந்தது.

வந்த மறுநாள் அண்ணை நித்திரையால் எழும்பி வர முன்பே, பூமணி அக்கா அவ்வளவையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சாம்பலும் பழப்புளியும் போட்டுத் தும்பால் உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சிவிட்டார். கறள் பிடித்த ஏனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கை அல்ல எங்கள் ஊர்ப் பெண்களின் கை. உள்ளே இறங்கியது முழுதும் போகாவிட்டாலும், வெளுத்துப் போனவற்றை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். அண்ணை வந்து பார்த்தார். காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. மத்தியானம் அக்கா அழத் தொடங்கியபோதுதான் வாய் திறந்தார். "சரி விடு பூமணி. கடல் தேத்தண்ணி போயிட்டுது. இனி இஞ்சத்தையான் தேத்தண்ணி ஏறட்டும்" என்றார்.

அன்றிலிருந்துதான் ஆளுக்கொரு கோப்பை என்ற ஏற்பாடு வந்தது. ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் குடிக்காத ஊர் இது. சொந்தக் கோப்பை என்றால் எச்சில் என்ற கதைக்கே இடமில்லை. மனேச்சருக்கு அகன்ற வாய் வைத்த ஒன்று, எனக்குச் சற்றுக் கோணலான ஒன்று. "உம்மடை குணத்துக்குப் பொருத்தம்" என்றார். குணம் என்ற என் தம்பிக்குக் கிடைத்தது எல்லாவற்றிலும் வெள்ளையானது, அடிவட்டத்தில் ஆழமான ஒரு வெட்டு உள்ளது. பூமணி அக்கா மட்டும் கடைசிவரை ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். வாய் வைத்துக் குடிப்பது தனக்குப் பழக்கமில்லை என்று, தன் சில்வர்ப் பேணியை உயரத் தூக்கி அண்ணாந்தே குடித்தார். பன்னிரண்டு வருடமும் அப்படித்தான்.

கோப்பை பார்க்கும் முறையில் அண்ணை பெரிய பிடிவாதக்காரர். பால் விடக்கூடாது, மண்ணுக்குள் போய் நாறும். சவர்க்காரம் கூடாது. தேத்தண்ணி காணாமல் கிழமைக்கணக்கில் காயவிடவும் கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதால், கடைசியாக அலச மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். மணக்கத் தொடங்கினால் அரிசி களைந்த தண்ணீரில் மெதுவாக அவித்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துவார். மாட்டுக்கு வைக்கும் கழுநீரைக் கோப்பைக்குக் கொடுக்கிறார் என்று அக்கா புறுபுறுப்பார். பாலும் சீனியும் சவர்க்காரமும் இல்லாத காலம் பிறகு வந்தபோது, குடாநாடு முழுக்க அண்ணையின் சட்டத்துக்கு வந்துவிட்டது என்று நான் பகிடி பண்ணினேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு எல்லோரும் பிளேன்ரீதான் குடித்தோம்.

எண்பத்தேழில் சண்டை மூண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடினோமே, அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் காணி உறுதியும் நகையும் பொதியாகக் கட்டிக்கொண்டு ஓட, அண்ணை அதே தகரத்தில் உமி நிரப்பிக் கோப்பைகளைப் புதைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அரிசி கொண்டுவரத் தெரியவில்லை, சட்டி கொண்டு வருகிறார் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். மறுநாள் ஒரு பெரிய கிடாரத்தில் தேத்தண்ணி வைத்தார்கள். சனம் மண்டபம் நிறைய, குடிக்க ஏனம் இல்லை. அண்ணை தகரத்தைத் திறந்தார். ஒவ்வொருவரும் குடித்து முடிய முடியக் கொதிநீரில் அலசி அடுத்தவருக்குக் கொடுத்தார். இது இன்னாருடையது அல்லவா என்று மனேச்சர் தயங்கியபோது, "இண்டைக்கு எல்லாற்றையும் எல்லாருக்கும்" என்றார். வீடு திரும்பியபின் பழையபடி ஆளுக்கொன்றுதான்.

இனி என் தம்பியின் கதை. குணம் எண்பத்தாறிலேயே வடமராட்சிக் கரையில் வள்ளம் ஏறிவிட்டான். இந்தியாவுக்கு என்றான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த வள்ளங்கள் எல்லாமே கரை சேர்ந்துவிடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் நாங்கள் அவன் பெயரை எடுப்பதையே விட்டிருந்தோம். எடுத்தால் அடுத்த கேள்வி வந்துவிடும்.

சண்டை ஓய்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டுக்குப் போனேன். சன்னல் திட்டில் குணத்தின் கோப்பை. நிறையத் தேத்தண்ணி, மேலே ஆவி. ஆள் இல்லை. இல்லாத ஆளுக்குப் பிடித்ததை ஆக்கி வைப்பது எங்கள் வீடுகளில் எதற்கென்று நான் சொல்லத் தேவையில்லை.

"என்ன அண்ணை இது? செத்த ஆக்களுக்கல்லோ இப்பிடிப் படைக்கிறது" என்று கத்தினேன்.

அவர் எழுந்து வந்தார். "படையல் இல்லை தங்கச்சி. எங்கடை கோப்பையள் எல்லாம் நிறம் மாறிக்கொண்டு போகுது. இது மட்டும் அப்பிடியே நிண்டால், அவன் வரேக்கை தன்ரை கோப்பை மட்டும் புறத்தியாற்றை மாதிரி இருக்கும்."

"அவன் இருக்கிறான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியாது. ஆனா வந்தால் அவனுக்குக் கோப்பை வேணுந்தானே."

தெரியும் என்று அவர் பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே உறவை அறுத்திருப்பேன். சாத்திரக்காரர் முதல் சொந்தக்காரர் வரை எல்லோரும் எனக்குத் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே எங்களைக் கொன்றார்கள். இருந்தாலும் கோபம் தீரவில்லை. தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றிவிட்டு, கோப்பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சீலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஊரைவிட்டுப் போன மற்றவர்களுடையதையும் ஞாயிறுதோறும் அப்படி முறை வைத்து நிரப்புகிறார் என்பதும், தான் குடித்த தேயிலைச் சாயத்தின் இரண்டாம் வடியைத்தான் அதற்கு எடுக்கிறார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியும். ஆறியதும் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றிவிடுவார். வெளியே போனவர்களின் தொகை கூடக் கூட, செவ்வரத்தைக்கு நல்ல காலம்.

மாரி வந்தது. ஒருநாள் சீலை எடுக்க அலுமாரியைத் திறந்தால் ஒரே புழுங்கல் மணம். கோப்பைக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. தம்பிக்கே ஏதோ நடந்துவிட்டது போலப் பட்டது. கணக்குப் படிப்பிக்கிறவள் இப்படி நினைக்கலாமா என்றால், நினைத்தேன், அவ்வளவுதான். கொட்டுகிற மழையில் குடையும் இல்லாமல் ஓடினேன். அண்ணை அக்காவிடம் கழுநீர் வாங்கி அடுப்பில் வைத்தார். இரண்டு நாள் கழித்து நான் போனபோது, காய்ந்து மணம் போயிருந்தது. கேத்தலை என் பக்கம் தள்ளி, "நீரே ஊத்தும்" என்றார். ஊற்றினேன். ஊற்றும்போது ஏன் அழுதேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவன் போனபின் நான் நன்றாக அழுதது அன்றுதான்.

அடுத்த வருடம் சென்னையிலிருந்து திரும்பிய ஒருவர், குணத்தை அங்கே கண்டு கதைத்ததாக வீடு தேடி வந்து சொன்னார். மெலிந்துவிட்டான், ஆனால் சுகமாக இருக்கிறான் என்றார். பிறகு அவன் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தான். நான் அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது, அவர் துள்ளிக் குதிக்கவில்லை. "அப்ப வருவான்" என்றார். அலுமாரியைத் திறந்து, அந்தக் கோப்பையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையில் முதல் சிவப்பு கண்டிருந்தது. அவனைக் காத்ததற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவனுக்கென்று ஒரு இடத்தை, நான் பூட்டி வைத்த நாள் தவிர, ஒரு ஞாயிறும் விடாமல் காத்ததற்கு அண்ணைக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சை மாற்றியிருப்பார். இப்போது தடுக்க அவர் இல்லை. நன்றி அண்ணை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையல் அன்று நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். அவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தபின், யாரோ நல்ல எண்ணத்தில் அவருடைய கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிப் படையலுக்குக் கொண்டுவந்தார். நான் மறித்தேன். "படைக்கிறதெண்டால் பேணியிலை வையுங்கோ. கோப்பை வேண்டாம்" என்றேன். செத்த வீட்டிலும் இவளுக்கு வாய் அடங்காது என்று சிலர் நினைத்திருப்பார்கள். பூமணி அக்கா ஒரு பேணியை எடுத்துத் தந்தார்.

வந்த ஞாயிறு நானும் அக்காவும் மழைத்தண்ணீர் கொதிக்க வைத்து, போனவர்களின் கோப்பைகளை ஒவ்வொன்றாக நிரப்பினோம். கடைசியாக அண்ணையின் கோப்பை வந்தது. என் கை நின்றுவிட்டது. மற்றவர்கள் வரலாம். இவர் வரமாட்டார். இதை நிரப்பிச் சன்னலில் வைத்தால் அன்று நான் கத்தியதுதானே சரியாகிவிடும்? அக்கா கேத்தலை என்னிடமிருந்து வாங்கி, தானே ஊற்றினார். ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கி, விளிம்பில் வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"காயவிடக் கூடாதெண்டுதானே சொன்னவர்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. கோப்பைகள் அலுமாரியை விட்டு எங்கும் போகா. சமாதானம் வருகிறது, பாதை திறக்கப் போகிறது என்று இப்போது ஊரெல்லாம் கதை. வருகிறவர்கள் முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. குணம், நீ வந்தால் வெள்ளைக் கோப்பையைத் தேடாதே. அது இப்போது நல்ல பழுப்பு. அடியைத் தடவிப் பார், அந்த வெட்டு இருக்கும்.