சாட்சி அல்ல, பிரசங்கம்

விண்ணப்பத்தின் முதல் மூன்று பக்கங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன். வயது முப்பத்தொன்று. படிப்பு பி.காம்., பெரம்பலூரில் விடுதியில் தங்கிப் படித்தது. வேலை, ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் இடத்தில் பில் போடுவது. நான்காம் பக்கத்தில்தான் இடித்தது. விண்ணப்பிப்பவர் தம் சொந்தச் சபையில், ஞாயிறு ஆராதனையில், பிரசங்கம் செய்திருக்க வேண்டும். அதைக் கேட்டதாகப் போதகரும் சபையார் இருவரும் கையெழுத்திட வேண்டும். இருவரில் ஒருவர் கமிட்டி உறுப்பினராக இருக்க வேண்டும். இந்த மூன்று கையெழுத்தும் இல்லாவிட்டால் இறையியல் கல்லூரியில் எனக்கு இடம் இல்லை.

டிகிரி முடித்தவர்கள் சேர்ந்து, போதகராக வெளியே வரும் படிப்பு அது. எனக்கு அது வேண்டும். ஏன் என்று கேட்ட எல்லோரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறேன். உண்மை இதுதான்: ஞாயிறுதோறும் கேட்ட பிரசங்கங்களுக்கெல்லாம் மனதுக்குள் மறுபேச்சு பேசிப் பேசியே வளர்ந்தவள் நான். அந்த மறுபேச்சை ஒழுங்காகப் படித்துவிட்டு, சத்தமாகப் பேச ஆசைப்பட்டேன்.

எங்கள் திருச்சபையில் பெண்களுக்கும் குருப்பட்டம் உண்டு. சட்டப் புத்தகத்தில் உண்டு. மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில் மட்டும் எந்தப் பெண்ணும் பிரசங்க பீடத்தில் நின்று பேசியது கிடையாது. நின்றது உண்டு. சனிக்கிழமை தோறும் அந்த மூன்று படி ஏறி, பீடத்தைக் கூட்டித் துடைத்து, துணி மாற்றி வைப்பது என் அம்மா. பத்து வயதிலிருந்து நானும் கூடவே ஏறியிருக்கிறேன். துடைப்பத்தோடு ஏறினால் யாருடைய விசுவாசமும் கெட்டுப்போவதில்லை. வாயைத் திறந்தால்தான் கெட்டுப்போகுமாம்.

பெண்கள் பேசுவதற்கென்று ஒன்று இருந்தது. அதற்குச் சாட்சி என்று பெயர். படிக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் குணமானதையோ மகனுக்கு வேலை கிடைத்ததையோ ஐந்து நிமிடம் சொல்லி, கொஞ்சம் அழுது, உட்கார்ந்துவிட வேண்டும். அது போக, வருடத்துக்கு ஒரு பெண்கள் ஞாயிறு. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு, பாட்டு, வேதவாசிப்பு, காணிக்கை எல்லாவற்றையும் நடத்துவோம். பிரசங்கத்துக்கு மட்டும் போதகர் ஏறி, பெண்களின் மேன்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்.

போதகர் ஜெயங்கொண்டத்தில் இருந்தார். ஏழு ஊர்ச் சபைகளை அவர் ஒருவரே பார்க்க வேண்டும் என்பதால் எங்கள் கோயிலுக்கு மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும்தான் வருவார். நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்திப் பார்த்ததில்லை. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இதுக்கா இவ்வளவு யோசனை? அடுத்த தடவை நான் வரப்ப, சாட்சி நேரத்துல கீழ நின்னு வேதத்துலேருந்து ஒரு பத்து நிமிஷம் பேசிடு. நான் பிரசங்கம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். அங்கேருந்து வந்து பாக்கவா போறாங்க?"

"அது பொய் இல்லீங்களா ஐயா?"

"பொய்னு ஏன் சொல்ற? அனுசரிச்சுப் போறது. நீ உள்ள போயிட்டா போதும்மா. அப்பறம் எந்தப் பீடத்துல வேணாலும் ஏறிக்கலாம்."

அவர் வீட்டில் கொடுத்த டீயை நான் குடிக்கவில்லை. அந்த நல்ல மனதின் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இதே குழைவான குரலில்தான் லாரி டிரைவர்களும் கேட்பார்கள். "ஒரு டன்னு கொறச்சுப் போடுக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" பத்து வருடமாக மிஷின் காட்டுவதைத்தான் போடுவேன் என்று அவர்களோடு மல்லுக்கு நின்றவள், போதகராவதற்கான முதல் காகிதத்திலேயே பொய் எழுதுவதா? வேண்டாங்க ஐயா என்று சொல்லி, விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போதகரும் உட்கார்ந்திருந்த கமிட்டிக் கூட்டத்தில் முறைப்படி கேட்டேன். எட்டுப் பேர், எட்டும் ஆண்கள். செயலாளர் எனக்குத் தூரத்துப் பெரியப்பா முறை. ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். தன் பஸ்ஸில் ஏறிய பெரியம்மாவுக்கே டிக்கெட் கிழித்தவர் என்று ஊரே கேலி பேசும். மற்ற ஏழு பேரும் ஜெபம் பண்ணிப் பார்ப்போம், காலம் வரட்டும் என்று மென்று முழுங்கினார்கள். பெரியப்பா ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பொம்பள பீடத்துல ஏறிப் பேசக்கூடாது. நான் இருக்கறவரைக்கும் அது நடக்காது."

"சரிங்க பெரியப்பா. அதையே இதுல எழுதிக் குடுத்துடுங்க" என்று நான்காம் பக்கத்தை நீட்டினேன்.

போதகர் தரையைப் பார்த்தார். பெரியப்பாவும் தயங்குவார், அப்போது நாலு பேர் முன்னால் அவமானப்படட்டும் என்பதுதான் என் திட்டம். அவர் தயங்கவே இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டி, கொட்டை எழுத்தில், 'இவர் பெண் என்பதால் எங்கள் சபையில் பிரசங்கம் செய்ய அனுமதி கிடையாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அதோடு கொஞ்சம் மரியாதையும் வந்து தொலைத்தது.

அதை அப்படியே கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சட்டம் எழுதிவைத்த இடத்தில் இருப்பவர்கள், இதைப் படித்ததும் கொதித்தெழுந்து எனக்காக நாலு வார்த்தை கேட்பார்கள் என்று முட்டாள்தனமாக நம்பினேன். சில நாள் கழித்து, எடை போட ஒரு லாரி ஏறி நிற்கும்போது, கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார்.

"படிக்கவே கஷ்டமா இருந்துச்சும்மா. ஆனா நிபந்தனை நிறைவேறலையே. வேற ஃபாரம் அனுப்பறோம். மாசக் கடைசிக்குள்ள பிரசங்கம் பண்ணிட்டு அனுப்பிடுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சட்டம் எழுதுவது அவர்கள் வேலை, ஏறுவது என் வேலை. நல்ல பங்கீடு! அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தேன். கமிட்டியை, கல்லூரியை, போதகரை, ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமல் கேட்டது.

"ஏறுறதுக்கு எதுக்குடி அவங்கள்ட்ட போயி கேட்ட? நான் கூட்டப் போறப்ப யாரையாச்சும் கேட்டா ஏறுறேன்?"

கோபம் சட்டென்று அடங்கிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

அந்த மாதம் போதகர் வர மிச்சமிருந்தது மூன்றாம் ஞாயிறு ஒன்றுதான். பிரசங்கத்துக்கு முந்தைய பாட்டு, கடைசிச் சரணம். போதகர் வேதப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பாயிலிருந்து எழுந்து, நேராக அவர் நாற்காலிக்குப் போனேன்.

"ஐயா, இன்னிக்கு நான் பிரசங்கம் பண்றேன். நீங்க உக்காந்து கேளுங்க."

பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று படியும் ஏறினேன். என்னைப் பார்க்கப் பார்க்க ஒவ்வொருவராகப் பாட்டை விட்டார்கள். கடைசி வரியைப் பாடியது அநேகமாக என் அம்மா ஒருத்திதான். பெரியப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். கமிட்டியார் நாலு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். பீடத்தின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயம்தான், பெரிய பயம். ஆனால் இறங்க வேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

நியாயத் தராசு பற்றிப் பேசினேன். எடை போட்டே பிழைக்கிறவளுக்கு வேறு என்ன வரும்? நம் தாத்தாக்கள் அடுத்தவர் வயலில் அறுத்த காலத்தில், வயல்காரர்கள் கூலி அளக்க ஒரு மரக்காலும் தங்களுக்கு அளக்க ஒரு மரக்காலும் வைத்திருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுகிறோமே, அந்த இரண்டு மரக்காலையும் நாமே ஏன் இந்தக் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று கேட்டேன். சாதியைச் சொல்லி நம்மை வெளியே நிறுத்தினார்கள் என்பதற்காகத்தானே இந்தக் கோயிலையே கட்டினோம் என்று கேட்டேன். யாரோ ஒரு குழந்தை அழுதது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகாமல், அங்கேயே தட்டிக்கொடுத்துக்கொண்டு கேட்டாள். இடது பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஆமென் சொல்லும்வரை அது அங்கிருந்து நகரவில்லை.

ஆராதனை முடிந்து, வாசலில் வைத்து விண்ணப்பத்தை நீட்டினேன். போதகர் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அக்கா, நான் கேட்பதற்கு முன்பே பேனாவை வாங்கித் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். இன்னும் ஒன்று வேண்டும், கமிட்டிக்காரர் கையெழுத்து. வெளியே போனவர்களில் நாலு பேர் டீக்கடையில் இருந்தார்கள். கோயிலுக்குள் இருந்த மூன்று பேரும் திடீரென்று செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். ஒருவர் காலில் செருப்பு இருந்தது, அப்போதும் தேடினார். அவ்வளவுதான், அடுத்த வருஷம்தான் என்று விண்ணப்பத்தை மடிக்கப் போனேன்.

ஜன்னல் பக்கமிருந்து பெரியப்பா வந்தார்.

"குடு அதை."

கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டினார். சுவரில் காகிதத்தை வைத்து, அழுத்தி எழுதினார். 'இவர் பீடத்தில் நின்று பதினெட்டு நிமிடம் பிரசங்கம் செய்தார். முழுவதும் கேட்டேன். என் சம்மதம் இல்லாமல் ஏறினார்.' கீழே கையெழுத்து, தேதி.

எட்டிப் பார்த்த போதகர் பதறிப்போனார். "அந்தக் கடைசி வரி வேண்டாமே. அடிச்சுட்டா நல்லாருக்கும்."

"இருக்கட்டும் ஐயா" என்றேன். நாலு பக்கத்திலும் எனக்குப் பிடித்த வரியே அதுதான்.

பெரியப்பா பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். "நீ பண்ணது தப்பு. ஆனா பண்ணலைன்னு என்னால எழுத முடியாது. நீ படிச்சு முடிச்சு, அங்கியப் போட்டுக்கிட்டு வந்து நின்னாலும் நான் வெளிலதான் நிப்பேன். தெரிஞ்சுக்க."

நான் நன்றி சொல்லவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"வெளியவே நில்லுங்க பெரியப்பா. அங்கயும் கேக்குற மாதிரிதான் பேசுவேன்."